பன்றியின் வியாதியும் படியெடுக்கும் புரதமும்

(சாம்பல்தீவில் நிகழ்த்தப்பெற்ற அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



திருகோணமலையிலிருந்து நிலாவெளி நோக்கிச் செல்லும் பெருந்தெருவில் உப்புவெளியைக் கடந்ததும், கடலுக்கும் களப்புக்கும் இடையே அமைந்திருக்கும் இவ்வூரில், அறக்கட்டளைச் சொற்பொழிவொன்றுக்குப் பன்றியின் வியாதியைப் பொருளாக எடுத்துக்கொள்ளுதல் பொருந்துமா என்ற ஐயம், அழைப்பு வந்த நாள்முதலே எனக்கு இருந்துவந்தது. மீன்பிடியும் வயலும் தோட்டமுமே ஜீவனமாகவுள்ள இப்பிரதேசத்தில் பன்றிப் பண்ணைகள் அரிது. சிலாபம், நீர்கொழும்பு, கம்பஹா என்று தொடரும் மேற்குப் பக்கத்து ஊர்களில்தான் அத்தொழில் வேரூன்றியிருக்கிறது. இங்குள்ளவர்க்குப் பன்றி என்றவுடன் நினைவில் எழுவது, மரவள்ளியையும் சோளத்தையும் ஓரிரவிற் கிளறிப் பாழாக்கிவிட்டுப் போகும் காட்டுப்பன்றியே. ஆயினும், 2024-ஆம் ஆண்டின் இறுதி மாதங்களில் ஆபிரிக்கப் பன்றிக் காய்ச்சல் இத்தீவில் முதன்முறையாக உறுதிசெய்யப்பெற்று, கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களம் நாடு முழுவதையுமே அபாயத்துக்குரிய பிரதேசமாகப் பிரகடனம் செய்த பின்னர், இவ்வியாதிகளைப் பற்றிய பேச்சு பண்ணை இல்லாத ஊர்களுக்கும் வந்து சேர்ந்துவிட்டது. அப்பேச்சில் அடிக்கடி எழுகின்ற கேள்வி ஒன்றுண்டு: தானாக உண்ணவோ மூச்சுவிடவோ அசையவோ இயலாத ஒரு துகள், ஒரு பட்டி நிறைந்த மிருகங்களைச் சில நாட்களில் வீழ்த்துமளவுக்கு எவ்வாறு பல்கிப் பெருகுகிறது? அக்கேள்வியை அதன் மூலத்திலேயே, அதாவது வைரசு தன்னைப் பிரதிசெய்துகொள்ளும் இடத்திலேயே நின்று பார்ப்பதுதான் இன்றைய என் நோக்கம்.

அவ்வாறு பார்ப்பதற்கு ஆபிரிக்கப் பன்றிக் காய்ச்சலை நான் தெரிந்துகொள்ளவில்லை. காரணம் சொல்லிவிடுகிறேன். 1921-இல் கென்யாவைச் சார்ந்த அவதானங்களைக் கொண்டு மொன்ட்கோமெரி என்ற மிருக வைத்தியர் முதன்முதலில் விவரித்த அவ்வியாதி, 1957-இல் லிஸ்பனிலும், 2007-இல் ஜோர்ஜிய நாட்டுப் போட்டித் துறைமுகத்தை அண்டியும், 2018-இல் சீனத்திலும், 2020-இல் அஸ்ஸாம், அருணாசலப் பிரதேசம் ஆகிய இடங்களிலும் தோன்றி, 2022-இல் கேரளத்து வயநாட்டை எட்டி, பின்னர் நம்மிடமும் வந்தது. லிஸ்பனில் விமானங்களிலிருந்தும் ஜோர்ஜியாவிற் கப்பல்களிலிருந்தும் இறக்கப்பட்ட உணவுக் கழிவே காரணமாயிருந்திருக்க வேண்டும் என்பது ஆராய்ந்தோர் பலரின் அபிப்பிராயம். இயற்கைத் துறைமுகம் ஒன்றின் கரையில் வாழ்கின்ற நாம் இதனை மறவாதிருத்தல் நன்று. ஆனால் அவ்வைரசு மிகப் பெரியது. நூற்றைம்பதுக்கு மேற்பட்ட மரபணுக்களை உடையது. டீ.என்.ஏ.யைக் கட்டும் நொதியம், வெட்டுண்டதை ஒட்டும் நொதியம், முறுக்கை அவிழ்க்கும் நொதியம், கட்டுமானத்துக்கு வேண்டிய மூலப்பொருளை ஆக்கும் நொதியம் ஆகிய யாவற்றையும் தன்னுடனேயே கொண்டுவந்து, பன்றியின் கலத்துக்குள்ளே, கலக்கருவுக்கு வெளியே, தனக்கென ஒரு தொழிற்கூடத்தை அமைத்துக்கொள்கிறது. அதன் நொதியங்களுள் ஒன்று வெறும் 174 அமினோ அமிலங்களால் ஆனது, டீ.என்.ஏ. கட்டும் நொதியங்களில் அதனினும் சிறியதை அறியோம். அது அடிக்கடி பிழையும் செய்கிறது. இத்தனை கருவிகள் ஒருங்கே இயங்குமிடத்தில், எதனால் எது விளைகின்றது என்று பிரித்துக் காட்டுதல் ஒரு மாலைப்பொழுதுக்குள் அடங்காது.

ஆகவே, அதற்கு நேர்மாறான ஒன்றை எடுத்துக்கொள்கிறேன். பன்றிச் சர்க்கோவைரசு எனப்படும் அது, விலங்குகளைப் பற்றும் வைரசுகளுள் மிகச் சிறியவற்றுள் ஒன்று. வியாதியை உண்டாக்கும் அதன் இரண்டாம் வகையின் மரபுச்சரம் ஏறக்குறைய 1,768 எழுத்துக்களே நீளமுடையது. ஒற்றை இழையாய், முனையின்றி, வளையமாய் மூடியிருப்பது. அவ்வளவு குறுகிய இடத்தில் இரண்டு பெரிய மரபணுக்களுக்கே இடமுண்டு. ஒன்று, அறுபது பிரதிகள் கூடி வைரசின் உறையாக அமையும் புரதத்துக்கு உரியது. மற்றையது, இன்றைய நம் விஷயமாகிய படியெடுக்கும் புரதத்துக்கு உரியது. ஆராய்ச்சியாளர் அதனை 'ரெப்' என்று சுருக்கி வழங்குவர். நானும் அப்பெயரையே கையாள்வேன். வேறு சில சிறு புரதங்களும் அச்சரத்திலிருந்து உண்டாகின்றன என்பது உண்மையே. ஆனால் உறையும் ரெப்பும் இல்லாவிடில் அவ்வைரசு இல்லை.

இவ்வைரசு கண்டுபிடிக்கப்பட்ட கதை சற்று விசித்திரமானது. 1974-இல் மேற்குப் பேர்லினிலுள்ள றொபேட் கொக் நிறுவனத்தில் இல்சே டிஷர் என்ற பெண்மணியும் அவர்தம் சகாக்களும், பன்றியின் சிறுநீரகத்திலிருந்து பெறப்பட்டு உலகின் பல ஆய்வுகூடங்களிலும் வளர்க்கப்பட்டுவந்த ஒரு கலவளர்ப்பினுள்ளே, யாரும் அழையாத விருந்தாளியாக ஒரு நுண்துகள் குடியிருப்பதைக் கண்டனர். 1982-இல் அது வளைய வடிவான ஒற்றையிழை டீ.என்.ஏ.யை உடையது என்பதை அவர்களே நிறுவினர். விலங்கு வைரசுகளில் அத்தகைய அமைப்பு அதற்குமுன் அறியப்பட்டிருக்கவில்லை. பன்றிகளுக்கு ஊசிவழி செலுத்திப் பார்த்தபோதும் யாதொரு தீங்கும் விளையவில்லை. அதனால் அது ஒரு விநோதப் பொருளாகவே கருதப்பட்டு ஒதுக்கிவைக்கப்பட்டது.

1991-இல் கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத்துப் பண்ணையொன்றில், பால்மறந்த குட்டிகள் இனந்தெரியாத வகையில் மெலிந்து மடியத் தொடங்கின. ஹார்டிங், கிளார்க் என்னும் மிருக வைத்தியர்கள் அதனைப் பின்தொடர்ந்தனர். பின்னர் சஸ்காட்டூனிலிருந்த எல்லிஸ் குழுவினரும், வட அயர்லாந்தின் பெல்பாஸ்டிலிருந்த அலன் குழுவினரும், மெலிந்த குட்டிகளின் நிணநீர்க் கணுக்களிலிருந்து பழைய பேர்லின் வைரசை ஒத்ததும் ஆனால் அதனின் வேறானதுமாகிய ஒன்றைப் பிரித்தெடுத்தனர். 1998 அளவில் பழையது முதலாம் வகை என்றும், புதியது இரண்டாம் வகை என்றும் பெயர் பெற்றன. சில ஆண்டுகளுள் ஐரோப்பா, அமெரிக்கா, ஆசியா எங்கணும் இரண்டாம் வகை காணப்பட்டது. இந்தியாவிலும் இஸத்நகரிலுள்ள இந்தியக் கால்நடை ஆராய்ச்சி நிலையத்தாரும், பன்றி வளர்ப்பு மிகுந்த வடகிழக்கு மாநிலங்களில் உழைப்போரும் அதனைப் பலமுறை கண்டறிந்திருக்கின்றனர். அது மனிதருக்கு வியாதி தருவதன்று.

வியாதியின் தோற்றத்தைச் சற்று அருகிருந்து நோக்குவோம். தாயிடம் பால் குடிக்கும் வரையில் குட்டிகள் கொழுகொழுவென்றே இருக்கின்றன. பால்மறக்கச் செய்து, வெவ்வேறு ஈற்றுக் குட்டிகளை ஒரே அடைப்பில் விட்டுச் சில வாரங்கள் சென்றதும், பத்துக் குட்டிகளுள் ஒன்றோ இரண்டோ தீவனத் தொட்டியை நாடாமல் மூலையில் ஒதுங்குகின்றன, முதுகெலும்பு புடைத்துத் தோன்றுகின்றது, மயிர் சிலிர்த்து நிற்கின்றது, தோல் வெளிறுகின்றது, சிலவற்றில் மஞ்சள் பாய்கின்றது, மூச்சு விரைகின்றது. தொடையிடுக்கிலே கைவைத்துப் பார்த்தால், வழக்கத்திற் கைக்குப் புலப்படாத நிணநீர்க் கணுக்கள் பருத்துத் தட்டுப்படுகின்றன. அக்கணுவை அறுத்து உருப்பெருக்கியில் வைத்தால், அங்கே நெருங்கியிருக்க வேண்டிய வெண்கலங்கள் அருகிப்போய், அவ்விடத்தை வேறு பெருங்கலங்கள் நிரப்பியிருக்கும். அக்கலங்களுட் சிலவற்றில் திராட்சைக் குலைபோன்ற கருமணிகள் திரண்டிருக்கும். அவை வைரசின் குவியல்கள். தற்காப்புப் படையே குலைந்துவிட்ட அச்சரீரத்தில் ஏனைய கிருமிகள் தடையின்றிப் புகுகின்றன. வேறு சில பன்றிகளில் பின்னந்தொடையிலே செந்நீலத் திட்டுக்கள் தோன்றிச் சிறுநீரகம் பழுதடையும்; இத்தோற்றம் பன்றிக் காய்ச்சல்களின் தோற்றத்தை ஒத்திருத்தலால், ஆய்வுகூடப் பரிசோதனையின்றி இன்னதென்று நிச்சயிக்க அநுபவம் மிக்க வைத்தியரும் துணியார்.

இனி, ரெப் செய்யும் தொழிலுக்கு வருவோம்.

வைரசு கலத்துக்குள் நுழைந்து, அதன் ஒற்றையிழை வளையம் கலக்கருவை அடைந்ததும், முதலில் நிகழ்வதில் வைரசுக்கு யாதொரு பங்குமில்லை. பன்றியின் சொந்த நொதியங்கள், ஒற்றையிழை டீ.என்.ஏ.யைக் கண்டவுடன் தம் இயல்பின்படி அதற்கு இணையிழை கட்டி இரட்டை வளையமாக்கிவிடுகின்றன. இரட்டையான பிறகே அதிலிருந்து ரெப் மரபணு வாசிக்கப்படுகிறது. ஒரே மரபணுவிலிருந்து, செய்தியை இருவேறு விதமாக நறுக்கி ஒட்டுவதால், இரண்டு புரதங்கள் பிறக்கின்றன: 314 அமினோ அமிலங்களையுடைய முழு ரெப் ஒன்று, அதன் முற்பகுதியைக் கொண்டு, பிற்பகுதி வேறாகி, 178 அமினோ அமிலங்களோடு முடியும் தம்பி ஒன்று. இவ்விரண்டும் கூடியிருந்தாலன்றி இவ்வைரசு படியெடுபடாது என்பதை, பேர்லினில் அன்னெட் மாங்கெர்ட்ஸ் குழுவினர் முதலாம் வகையிலும், அமெரிக்காவில் அன்ட்ரூ சியுங் இரண்டாம் வகையிலும் காட்டினர். தம்பியின் தனித்தொழில் இன்னதென்பதில் இன்னும் ஏகோபித்த முடிவு இல்லை.

வளையத்தின் ஓரிடத்தில் டீ.என்.ஏ. தன்மேற்றானே மடிந்து சிறு கொண்டையாக எழும்பி நிற்கின்றது. அக்கொண்டையின் உச்சியில் ஒன்பது எழுத்துக்கள் கொண்ட ஒரு தொடர் இருக்கிறது. அடியிலே ஆறெழுத்துத் தொடர் ஒன்று மீண்டும் மீண்டும் வருகிறது. ரெப் அந்த ஆறெழுத்துக்களை அடையாளம் கண்டு பற்றிக்கொண்டு, உச்சியிலுள்ள ஒன்பதில் ஏழாவதற்கும் எட்டாவதற்கும் நடுவே ஓர் இழையை மாத்திரம் வெட்டுகிறது. வெட்டுகின்ற கருவி, ரெப்பின் முற்பகுதியில் உள்ள தைரோசின் என்னும் ஒரு தனி அமினோ அமிலம். வெட்டியவுடன் அது விலகிப்போவதில்லை. வெட்டுண்ட இழையின் ஒரு முனையோடு இரசாயனப் பிணைப்பால் தன்னையே பிணைத்துக்கொண்டு நிற்கிறது. மறுமுனை சுதந்திரமாக விடப்படுகிறது. அச்சுதந்திர முனையிலிருந்து பன்றியின் நொதியம் புதிய இழையைக் கட்டிக்கொண்டு வளையத்தைச் சுற்றி வருகிறது. அது முன்னேற முன்னேறப் பழைய இழை உரிந்து வெளியே தள்ளப்படுகிறது. தூண்டிற்காரர் தங்கூசிச் சுற்றை உருட்ட உருட்ட இழை நீண்டு வெளிவருவதை நாள்தோறும் பார்க்கின்ற உங்களுக்கு, 1968-இல் வோல்ட்டர் கில்பர்ட்டும் டேவிட் டிரெஸ்லரும் இம்முறைக்கு 'உருளும் வளையம்' என்று ஏன் பெயரிட்டனர் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. ஒரு வித்தியாசம் மாத்திரம் சொல்லலாம், இங்கே எவ்வளவு இழை வெளிவந்தாலும் சுற்றுக் குறைவதில்லை. அவர்கள் அன்று நோக்கியது பாக்டீரியாக்களைப் பற்றும் வைரசுகளை. பன்றியின் வைரசும் அதே உபாயத்தைக் கைக்கொள்வது பிற்காலத்தில் வெளிப்பட்டது.

ஒரு சுற்று முடிந்ததும், ரெப் அவ்வொன்பதெழுத்தை மீண்டும் காண்கிறது; மீண்டும் வெட்டி, தான் பிடித்திருந்த முனையை மறுமுனையோடு சேர்த்து ஒட்ட, உரிந்துவந்த இழை வளையமாக மூடி வெளியேறுகிறது. அதனைச் சுற்றி உறைப்புரதம் கூடினால் ஒரு புது வைரசு. ரெப்பின் பிற்பகுதிக்கும் வேலையுண்டு: ஆறு ரெப்புக்கள் வளையமாகக் கூடி, கலத்தின் சக்தியைச் செலவிட்டு, இரட்டை இழையைப் பிரித்து இழுத்துக்கொடுக்கின்றன. 2021-இல் நியூயோர்க்கில் றேசா கயாத் குழுவினர், உறைகுளிர் எலெக்ட்ரோன் நுண்ணோக்கியால் அந்த அறுவரையும் படம் பிடித்தனர்; ஆறும் ஒரே மட்டத்தில் இல்லாது படிப்படியாக ஏறி, நடுவிலுள்ள டீ.என்.ஏ.யைக் கைமாற்றிக் கைமாற்றி நகர்த்துவது அப்படத்தால் புலனாயிற்று. வெட்டல், பிடித்தல், பிரித்தல், ஒட்டல் என்ற நான்கு காரியங்களையும் ஒரே புரதம் செய்கின்றதாயினும், எழுத்தோடு எழுத்தைக் கோத்துப் புதிய இழையைக் கட்டும் அந்த ஐந்தாவது காரியத்தை அது செய்ய அறியாது. அதற்குப் பன்றியின் நொதியமே கதி.

இந்த ஒரு குறைபாட்டில்தான் வியாதியின் போக்கு முழுவதும் தங்கியிருக்கிறது என்பது என் கருத்து. டீ.என்.ஏ. கட்டும் நொதியங்கள் கலத்தில் எந்நேரமும் முழுவீச்சில் இருப்பவையல்ல. கலம் இரண்டாகப் பிரியுமுன் தன் மரபுச்சரத்தை இரட்டிக்கும் அந்தக் குறுகிய காலத்திலேயே அவை பெருவாரியாக இயங்குகின்றன. 1987-இலேயே டிஷர் இதனைக் கண்டார்: ஓய்ந்திருக்கும் கலங்களில் வைரசு பேசாதிருந்தது, குளுக்கோசமீன் என்ற சர்க்கரைப் பொருளைச் சற்று நேரம் வளர்ப்பிலே இட்டபோது படியெடுப்புப் பெருகிற்று. அது முதல் ஆய்வுகூடங்களில் இவ்வைரசை வளர்ப்போர் குளுக்கோசமீனை இடுவது வழக்கமாயிற்று. பன்றியின் உடலிலும் இதே நியதிதான். கருப்பையிலுள்ள குட்டியில் இதயத் தசைக் கலங்கள் பிரிந்துகொண்டிருப்பதால் வைரசு அங்கே பெருகி இதயத்தைக் கெடுக்கிறது. பிறந்தபின் அக்கலங்கள் பிரிதலை நிறுத்திவிட, வைரசு இதயத்தை விட்டு நிணநீர்த் திசுக்களை நாடுகிறது. கிருமியும் அதன் புரதமும் ஒன்றே. உடம்பிலே வளரும் இடம் மாறியதால் வியாதியின் இடமும் மாறுகிறது.

இதனினும் வியப்பான ஒன்றுண்டு. உடலுக்குள் அந்நியக் கிருமி புகுந்தால் கலங்கள் இன்டர்பெரோன் என்ற அபாய அறிவிப்பை அனுப்புகின்றன. அவ்வறிவிப்பைக் கேட்டதும் எண்ணற்ற தற்காப்பு மரபணுக்கள் விழித்தெழும். அம்மரபணுக்களின் முகப்பில் இருக்கும் அடையாளத் தொடரைப் போன்றது ஒன்று ரெப் மரபணுவின் முகப்பிலும் இருப்பதை 2009-இல் ஓர் ஆய்வு காட்டிற்று. அதாவது, வைரசை ஒடுக்குதற்கென உடல் எழுப்பும் குரலையே ரெப் தன்னை எழுப்பும் குரலாகக் கொள்கிறது. பிறிதொரு கிருமி சேர்ந்து தாக்கும்போதும், தற்காப்புக் கலங்கள் கிளர்ந்து பிரியத் தொடங்கும்போதும் இவ்வியாதி கடுமையாவதன் இரகசியத்தில் ஒரு பங்கு இங்கேயிருக்கிறது. இவ்வைரசு தனியே செலுத்தப்பட்ட பன்றிகள் பெரும்பாலும் நோயுறாமலே தப்பிவிட, பார்வோவைரசு போன்ற துணையோடு செலுத்தப்பட்டவை மெலிந்து மடிந்ததும் பரிசோதனைகளிற் கண்டதே.

பிரான்சு நாட்டில் பிரான்சுவா மதெக் என்ற ஆராய்ச்சியாளர், தடுப்பூசி எதுவும் இல்லாத அக்காலத்தில், பண்ணை ஒழுங்குக்கு இருபது விதிகளை வகுத்தார்: ஓர் அடைப்பில் அளவுக்கு மேற்பட்ட குட்டிகளை அடையாதே, வெவ்வேறு ஈற்றுக் குட்டிகளைக் கண்டபடி கலவாதே, ஓர் அடைப்பை முற்றாக வெறுமையாக்கிக் கழுவிய பின்பே அடுத்த தொகுதியை விடு, குளிரும் காற்றோட்டமும் கவனி, இவ்வாறானவை. கற்றோர் சிலர் அப்போது இதனை எளிய கிராமிய புத்தியென்று மதியாது விட்டனர். ஆனால் அவ்விதிகளைக் கடைப்பிடித்த பண்ணைகளில் சாவு குறைந்தது. வைரசு அழியவில்லை, ரெப் அழியவில்லை, அதற்கு வேலை கொடுக்கும் சந்தர்ப்பங்களே குறைந்தன.

அப்படியாயின் இரண்டாம் வகையின் கொடுமைக்கு ரெப்தான் காரணமா என்று கேட்பீர்கள். கேட்கத்தக்க கேள்வியே, அதற்கு நேரடிப் பரிசோதனையும் உண்டு. தீங்கற்ற முதலாம் வகையின் ரெப்பும், தீங்கு செய்யும் இரண்டாம் வகையின் ரெப்பும், ஒன்றன் தொடக்கக் கொண்டையை மற்றொன்று அறிந்து வெட்டிப் படியெடுக்கின்றன. அவ்வளவு நெருங்கிய ஒற்றுமை. அமெரிக்காவின் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் மெங் என்பாரின் குழுவினர், முதலாம் வகையின் ரெப்பையும் இரண்டாம் வகையின் உறையையும் இணைத்து ஒரு கலப்பு வைரசைச் சமைத்தனர். 2004-இல் வெளியான அவ்வாய்வில், அக்கலப்பு பன்றிகளில் வியாதியை உண்டாக்காமல், இரண்டாம் வகைக்கு எதிரான பாதுகாப்பை மாத்திரம் தந்தது. ஆனால் அதே குழுவினர் 2010-இல் மறுபடியும் நோக்கியபோது, இரண்டாம் வகைக்கு முதலாம் வகையின் ரெப்பைக் கொடுத்தால், கலவளர்ப்பில் அதன் பெருக்கம் குறையவில்லை, மிகவே செய்தது! விரைந்து படியெடுப்பதே கொடுமை என்று எண்ணியிருந்தோர்க்கு இது நல்ல பாடம். ரெப் இன்றி வியாதி இல்லை. எனினும் ரெப்பின் வேகத்தைக் கொண்டு வியாதியின் உக்கிரத்தை அளக்க முடியாது. அக்கலப்பு வைரசைக் கொன்று ஆக்கிய தடுப்பூசியும், உறைப்புரதத்தை மாத்திரம் பூச்சிக் கலங்களில் விளைவித்து ஆக்கிய தடுப்பூசியும் 2006-இல் வட அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தன. கால்நடைத் தடுப்பூசிகளில் இவ்வளவு விரைவாகப் பயன் காட்டியவை சிலவே. அவை உடலுக்கு அறிமுகம் செய்வது உறையையே. கலக்கருவுக்குள் ஒளிந்து தொழில் செய்யும் ரெப்பை எதிர்ப்பொருள்கள் எட்டுவது அரிது.

இவ்விடத்தில் தோட்டம் செய்வோரைச் சிறிது நோக்கிப் பேச விரும்புகிறேன். பன்றியை நீங்கள் வளர்க்காமல் இருக்கலாம். வாழையும் மரவள்ளியும் வளர்க்காதவர் இவ்வூரில் எத்தனை பேர்? வாழையிலே முடிக்கொத்து என்னும் நோயைக் கண்டிருப்பீர்கள். இலைகள் விரியாமல், குறுகி நிமிர்ந்து, உச்சியில் ஒரு கொத்தாய் நெருங்கி நிற்கும். இலைக்காம்பிலும் நடுநரம்பிலும் கரும்பச்சையாகப் புள்ளியும் கோடும் மாறிமாறி ஓடும். குலை தள்ளாது, தள்ளினாலும் பயனிராது. 1889-இல் பீஜித் தீவில் பதியப்பட்ட இந்நோய் 1913-இல் இலங்கையில் அறியப்பட்டது. 1940-ஆம் ஆண்டளவில் கேரளத்துக் கோட்டயம் பக்கத்தில் தோன்றியது நம் நாட்டுக் கன்றுகளோடு சென்றதென்றே நூல்கள் கூறுகின்றன. பின்னர் பழனிமலைச் சரிவுகளில் பேர்போன விருப்பாச்சி வாழைத் தோட்டங்களை அது பெரும்பாலும் அழித்துவிட்டது. வாழை அசுவினி பரப்பும் அந்த வைரசும் ஒற்றையிழை வளையங்களை உடையது. ஒன்றல்ல, ஏறக்குறைய 1,100 எழுத்துக்கள் கொண்ட ஆறு வளையங்கள். அவற்றுள் ஒன்றில் எழுதப்பட்டிருப்பது ரெப். பன்றியின் ரெப்பையும் வாழையின் ரெப்பையும் அமினோ அமிலத்துக்கு அமினோ அமிலம் அருகருகே வைத்துப் பார்த்தால், வெட்டுகின்ற தைரோசினும் அதனைத் தாங்கிநிற்கும் அமைப்பும் ஒரே குடும்பத்தின் முகச்சாயலைக் காட்டுகின்றன. மரவள்ளி இலையை மஞ்சளும் பச்சையுமாய்ச் சுருட்டும் தேமல் நோயின் வைரசு, நம் நாட்டின் பெயரையே தாங்கி 'சிறிலங்கா மரவள்ளித் தேமல் வைரசு' என்று உலகெங்கும் வழங்குகிறது. கடந்த பத்தாண்டுகளுள் அது கம்போடியா, வியட்நாம், தாய்லாந்து வரை சென்று பேரிழப்பை விளைத்திருக்கிறது. வெள்ளை ஈ பரப்பும் அதன் ரெப்பும் இக்குடும்பத்ததே. ஒரு வித்தியாசம் கவனிக்கத்தக்கது: முதிர்ந்த இலையில் கலங்கள் பிரிவதை நிறுத்தியிருக்க, இத்தகைய தாவர வைரசின் ரெப், பிரிதலைத் தடுத்துவைத்திருக்கும் தாவரப் புரதமொன்றைப் பற்றி விலக்கி, ஓய்ந்த கலத்தையே மீண்டும் டீ.என்.ஏ. கட்டும் நிலைக்குத் தள்ளிவிடுகிறது. பன்றியின் வைரசு வளரும் கலத்துக்காகக் காத்திருக்க, மரவள்ளியின் வைரசு கலத்தையே தூண்டி எழுப்பிக்கொள்கிறது.

இவ்வுறவைக் கொண்டு, 1999-இல் கன்பராவில் ஏட்ரியன் கிப்ஸ், வைலர் என்னும் இருவர், தாவரங்களை விட்டு ஒரு வைரசு விலங்குக்குத் தாவி, அங்கே வேறொரு வைரசின் துண்டோடு கலந்து சர்க்கோவைரசாயிற்று என்று ஒரு கொள்கையை முன்வைத்தனர். கேட்பதற்கு இனிய கதை. ஆனால் அதன்பின் கடல்நீர், சேறு, பூச்சி, மீன் என்று எங்கே தேடினாலும் ரெப்பையுடைய சிறு வளையங்கள் ஆயிரக்கணக்கில் அகப்பட்டுவிட்டன. இன்று ஆராய்ச்சியாளர் பலர், இந்த ரெப் புரதங்கள் பாக்டீரியாக்களுக்குள் வாழும் சிறு டீ.என்.ஏ. வளையங்களிலிருந்தே மிகப் பண்டைக் காலத்தில் தோன்றியிருக்க வேண்டும் என்று கருதுகின்றனர். நாய், பூனை முதலிய மிருகங்களின் மரபுச்சரத்துள்ளேயே பழைய சர்க்கோவைரசின் ரெப் துண்டுகள் புதைந்து கிடப்பது 2010-இல் வெளிப்பட்டது. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்னர் அவற்றின் மூதாதையரைப் பற்றிய வைரசு விட்டுச்சென்ற சுவடுகள் அவை.

மனிதர் இவ்வைரசோடு அறியாமலே உறவாடிய ஒரு சந்தர்ப்பமும் உண்டு. 2010 மார்ச்சில், குழந்தைகளுக்கு வயிற்றோட்டத்தைத் தடுக்க வாய்வழி கொடுக்கும் றொட்டாவைரசுத் தடுப்பு மருந்து ஒன்றில் முதலாம் வகைச் சர்க்கோவைரசின் டீ.என்.ஏ. இருப்பதை எரிக் டெல்வார்ட் குழுவினர் கண்டனர். அமெரிக்க அதிகாரிகள் அம்மருந்தை நிறுத்திவைத்தனர். ஆராய்ந்து, தீங்கில்லையெனத் தெளிந்து, மே மாதத்தில் மீண்டும் அநுமதித்தனர். பேர்லினில் 1974-இல் கலவளர்ப்புக்குள் ஒளிந்திருந்த அதே விருந்தாளி! கலங்களை வளர்த்து மருந்து செய்யும் நிறுவனங்கள் அதன் பின்னரே இவ்விஷயத்தில் கடுஞ்சோதனை மேற்கொண்டன.

இன்று ரெப்பைத் தடுக்கும் மருந்தென்று பண்ணைக்கு வந்த எதுவுமில்லை. தடுப்பூசி பயன்தருவதால் அத்தகைய மருந்தை நாடுவோரும் குறைவு. ஆனால் அப்புரதம் ஆய்வுகூடத்தில் வேறொரு தொழிலுக்கு அமர்த்தப்பட்டிருக்கிறது. வெட்டிய இழையின் முனையைத் தைரோசினாற் பிணைத்துக்கொண்டு விடாதிருக்கும் என்றேனே, அக்குணத்தைப் பயன்படுத்தி, விரும்பிய டீ.என்.ஏ.த் துண்டை விரும்பிய புரதத்தோடு சேர்த்துக் கட்டலாம் என்று மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் வென்டி கோர்டன் குழுவினர் கண்டனர். 2018-இல் அவர்கள், மரபணுவைத் திருத்துவதற்குப் பயன்படும் காஸ்-9 என்ற வெட்டுப் புரதத்தோடு பன்றிச் சர்க்கோவைரசின் ரெப்பை இணைத்து, வெட்டிய இடத்தில் எழுதவேண்டிய திருத்தப் பிரதியை ரெப்பின் கையிலேயே கொடுத்தனுப்பினர். வெட்டுகின்ற இடத்துக்குத் திருத்தமும் கூடவே வந்து சேர்ந்தமையால், கலங்களில் திருத்தம் செவ்வையாக நிகழும் விகிதம் உயர்ந்தது. சில நிலைமைகளில் முப்பது மடங்கு வரையும் உயர்ந்தது. அவர்கள் கையாண்டது முழு ரெப்பன்று, வெட்டிப் பிடிக்கும் முற்பகுதி மாத்திரமே. இழையைப் பிரிக்கும் பிற்பகுதியை அவர்கள் நீக்கிவிட்டனர்.